ஒரு பேப்பர் பாக்கி

செம்பாக்கம்,
30-3-2025

தம்பி சக்திக்கு,

அக்கா துர்கா எழுதுவது. வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டிக்குப் போய், நன்றாகவே இருக்கிறேன். அங்கே நீ, அம்மா, அப்பா எல்லாரும் சௌக்கியம்தானே? அப்பாவின் முதுகு வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் பண்ணினால் அம்மா எடுக்கிறாள். கையெல்லாம் மீன் ஈரம் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். நான் இருமினால்கூடக் கோவளம் கடற்கரையில் நாலு பேர் "துர்காவுக்குச் சளியா" என்று விசாரிக்கிறார்கள். உனக்கோ காலேஜ் சீட் கிடைத்த பிறகுதான் போன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே கடிதம்தான். சோம்பேறித்தனம் பண்ணாமல் பதில் போடு.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. இனி இன்ஜினீயரிங் விண்ணப்பம். அதற்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க வேண்டும். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள் என்று வீட்டில் ஒருவரும் டிகிரி முடிக்காமல் இருந்தால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்கு அரசாங்கம் ஃபீஸில் சலுகை தருகிறது. வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அது இல்லாமல் அப்பா பிடிக்கிற மீனை நம்பி உன்னை இன்ஜினீயர் ஆக்க முடியாது. நான் பி.காமில் ஒரு பேப்பரைப் பாக்கி வைத்திருப்பதால் நம் வீட்டில் இன்னும் பட்டதாரி கிடையாது. அக்கா ஃபெயில் ஆனதிலும் உனக்கு ஒரு லாபம் இருக்கிறது பார்.

சித்திரை முதல் தேதிக்கு வர முடியாது. டியூட்டி. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் நலம் விரும்பும்,
துர்கா


கோவளம்,
9-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

சக்தி. இங்கே நாங்கள் மூவரும் நலம். மீன்தான் நலமில்லை, வலைப் பக்கமே வருவதில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ வரவில்லை என்று பக்குவமாகத்தான் சொன்னேன். "ஆஸ்பத்திரில இவ பில்லு போடாங்காட்டி ஒருத்தனும் பொயைக்க மாட்டானா?" என்று அம்மா கேட்டாள். பொங்கலுக்கும் நீ வரவில்லை. தீபாவளிக்கு வந்து தட்டில் இருந்த முறுக்கைத் தின்று முடிக்கும் முன்பே கிளம்பிவிட்டாய். செம்பாக்கம் என்ன சிங்கப்பூரா?

இன்ஜினீயரிங் பற்றி. கோபப்படாமல் படி. லீவில் நான் சுகுமார் அண்ணன் கடையில் இருக்கிறேன். படகு என்ஜின் ரிப்பேர் பண்ணுகிற கடை, உனக்குத் தெரியும். நேற்று தண்ணீர் புகுந்த ஒரு என்ஜினை முழுக்கக் கழற்றி நானே மாட்டினேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தால் போதும் என்று தோன்றுகிறது. உன் பக்கத்துக் கவுண்டரில் இருக்கிற ஸ்ரீவத்சன் பி.இ. என்று நீதானே சொன்னாய். நாலு வருஷம் படித்து அவர் அந்த ஸ்டூலுக்கு வந்தார். நீ படிப்பை முடிக்காமலே வந்துவிட்டாய். அப்புறம் எதற்கு டிகிரி?

இந்த ஏப்ரலிலாவது அந்தப் பேப்பரை முடித்துவிடு அக்கா.

அன்புத் தம்பி,
சக்தி


செம்பாக்கம்,
22-4-2025

சக்திக்கு,

நான் நலம். நீங்கள் நலமாக இருக்க திருநீர்மலைப் பெருமாள் பார்த்துக்கொள்வார். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்துதான் எனக்குத் தலைவலி.

ஸ்ரீவத்சனைப் பற்றிச் சொல்கிறாயே, முழுக் கதையையும் கேள். போன மாதம் மாடியில் அக்கவுண்ட்ஸ் ரூமுக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே மேலாளர் சாம்பசிவன் சார். என்னைக் கூப்பிட்டு, "கணக்குல நீதாம்மா சுத்தம். ஆனா டிகிரி இருந்தாத்தான் போடணும்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். ஸ்ரீவத்சனை எடுத்துக்கொண்டார்கள். அவன் நல்ல பையன்தான். ஆனால் எது டெபிட் எது கிரெடிட் என்று தினமும் இன்டர்காமில் என்னைத்தான் கேட்கிறான். நான் கீழே இருந்து சொல்கிறேன், அவன் மேலே உட்கார்ந்து எழுதுகிறான். டிகிரி எதற்கு என்று இப்போது புரிகிறதா? அது அறிவு தராது, ஆனால் கதவைத் திறக்கும். என்ஜினைக் கழற்றி மாட்டுகிற கையெல்லாம் அப்பாவின் கை மாதிரி காப்புக் காய்த்துத்தான் போகும். ஒழுங்காக விண்ணப்பம் போடு.

என் பேப்பர் எழுதினேன். சுமார்தான். ரிசல்ட் வந்தால் தெரியும்.

துர்கா


கோவளம்,
12-5-2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் அவ்வாறே இருப்பாய் என்று நம்புகிறேன். என் பிளஸ் டூ ரிசல்டைப் போனில் கேட்டிருப்பாய், ஊருக்கே கேட்டது. அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து விற்கிற பியூலா அக்காவின் கூடையில் இருந்த சங்கரா மீனை எடுத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். தன் கூடையில் இருந்ததைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சான்றிதழுக்காக கிராம நிர்வாக அலுவலரிடம் போனோம். "வீட்ல வேற யாராவது டிகிரி முடிச்சிருக்காங்களாம்மா?" என்று அவர் கேட்டார். அம்மா நிமிர்ந்து நின்று, "பொண்ணு ஒண்ணு கீது சார். பி.காம். படிச்சிச்சு. ஆனா ஃபெயிலு சார், சுத்தமா ஃபெயிலு. எத்தினி தபா எய்தியும் பாஸாவல. நீங்க தைரியமா கையெய்த்துப் போடுங்க" என்றாள். வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நீ ஏன் ஊருக்கு வருவதில்லை என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. என்னை மன்னித்துவிடு.

நீ இன்னும் பாஸ் ஆகவில்லை என்பதற்கு யூனிவர்சிட்டி ரிசல்ட் தாள் ஒன்று வேண்டுமாம். உன் பதிவு எண்ணை அனுப்பு. பிரவுசிங் சென்டரில் நானே எடுத்துக்கொள்கிறேன்.

சக்தி


கோவளம்,
24-5-2025

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆவல் என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே. பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. போன் செய்தால் "நானே வந்து தர்றேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அம்மா சொன்னதை நான் எழுதியது தப்பாகப் போய்விட்டதா?

அலுவலர் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளுகிறார். பீரோவில் தேடியதில் உன் பழைய ஹால் டிக்கெட் ஒன்று கிடைத்தது. அதில் பதிவு எண் இருக்கிறது. திங்கட்கிழமை போய்த் தாள் எடுத்துவிடுகிறேன். நீ சிரமப்பட வேண்டாம்.

சக்தி


செம்பாக்கம், உன் ரூம் வாசல்,
31-5-2025

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பஸ் பிடித்து வந்தேன். ரூம் பூட்டியிருக்கிறது. பக்கத்து ரூம் ஜெனி அக்காவிடம் பேனாவும் தாளும் வாங்கி எழுதிக் கதவுக்கு அடியில் போடுகிறேன்.

ரிசல்ட் தாள் எடுத்தேன். மற்ற எல்லாப் பேப்பரிலும் எழுபது, எண்பது. பாக்கி இருக்கிற காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் தடவை முப்பத்து மூன்று. அதற்குப் பிறகு ஐந்து தடவை, ஐந்து தடவையும் ஆப்சென்ட். நீ ஃபெயிலே ஆகவில்லை. போகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஃபீஸ் கட்டினாய், ஹால் டிக்கெட் எடுத்தாய், வீட்டிலிருந்து போனபோதெல்லாம் அம்மா விபூதி பூசி அனுப்பினாள். சாயங்காலம் வந்து "கஷ்டமா இருந்தது" என்று சொன்னாய். அந்த மூன்று மணி நேரம் எங்கே போய் உட்கார்ந்திருந்தாய்? இந்த ஏப்ரலுக்கும் போகவில்லைதானே?

ஒரு வீட்டுக்கு ஒருவருக்குத்தான் என்று நீ எழுதியதை இன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். எனக்காகத்தானே? நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போதே எனக்காக உட்கார்ந்துவிட்டாயா? உன்னை யார் கேட்டது?

சக்தி


செம்பாக்கம்,
2-6-2025

சக்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படியே இரு. ஜெனி இன்று அந்தப் பக்கம் போகிறாள், அவளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஆமாம், உனக்காகத்தான். காலேஜ் வழி பஸ்ஸில் ஓர் அம்மா அழுதுகொண்டிருந்தார். பெரியவன் பி.ஏ. முடித்துவிட்டான், அதனால் சின்னவளுக்குச் சலுகை இல்லை, சீட்டை விட்டுவிட்டோம் என்றார். அன்றைக்கே முடிவு பண்ணினேன். நீதான் நம் வீட்டில் நன்றாகப் படிக்கிறவன். என் பி.காமை வைத்து என்ன கோட்டை கட்டப்போகிறோம்?

மூன்று மணி நேரம் திருநீர்மலையில் இருந்தேன். அங்கே பெருமாள் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம், நடந்த கோலம் என்று நாலு விதமாக இருக்கிறார். நான் படிக்கட்டில் உட்கார்ந்த கோலம். ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்து பெண்கள் வருகிற நேரத்துக்கு இறங்கி வந்துவிடுவேன்.

அழுது புரள வேண்டாம். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாதே. மூன்று வருஷம் பொறுத்ததை வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக ஆக்கிவிடாதே. இது கெஞ்சல் இல்லை, உத்தரவு.

துர்கா


கோவளம்,
25-6-2025

அக்காவுக்கு,

அப்பாவுக்கு முதுகு பரவாயில்லை. அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் உன் நலம் தெரியாது.

நான் விண்ணப்பம் போடவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் சுகுமார் அண்ணன் கடையில் ஒரு கியர் பாக்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள். "எய்தவே போலியா?" என்று கேட்டாள். கத்தியைக் கீழே வைத்தாள். "ஊரு பூரா ஃபெயிலு ஃபெயிலுன்னு சொல்லிகினு கீறனே. ஆபீஸரு முன்னாடி சொன்னனே. எம் பொண்ணை நானே..." என்றாள். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கூடையைப் பியூலா அக்காவிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள். அம்மா வியாபாரத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை.

அப்பா மட்டும், "கடலை நான் பாத்துக்கறேன். கரையில என்ஜினை அவன் பாத்துக்கட்டும்" என்றார். ஐடிஐக்கு எழுதிப் போட்டுவிட்டேன். உனக்கு வழிவிட இன்ஜினீயரிங்கை விட்டேன் என்று நினைக்காதே. எனக்கு அது வேண்டாம் என்று ஏப்ரலிலேயே எழுதினேன், நீதான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. எனக்கு வேண்டாத ஒன்றுக்காக நீ மூன்று வருஷத்தைத் தொலைத்திருக்கிறாய். அதை நான் எதைக் கொடுத்து ஈடுகட்டுவேன்? சாப்பாட்டில் உட்கார்ந்தால் இதுதான் ஞாபகம் வருகிறது. சோறு இறங்கவில்லை.

உன் காலேஜில் போய் விசாரித்தேன். சிலபஸ் மாறிவிட்டது. பழைய சிலபஸில் எழுத வருகிற நவம்பர்தான் கடைசி. அதை விட்டால் உன் மூன்று வருஷப் படிப்பும் போச்சு. செப்டம்பரில் ஃபீஸ் கட்ட வேண்டும்.

சக்தி


செம்பாக்கம்,
14-9-2025

அன்புள்ள சக்திக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அதனால்தான் இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன்.

போன புதன்கிழமை ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்தாள். நேராக என்னிடம் வரவில்லை. டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கவுண்டருக்கு முன்னால் நின்றாள். நான் பழக்க தோஷத்தில் "பேஷன்ட் பேரு?" என்று கேட்டபடியே நிமிர்ந்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை உள்ளே தள்ளினாள். "பரிச்சைக்குக் கட்டும்மா" என்றாள். பிறகு, "பெத்தவ தெரியாம பேசிட்டேன். மன்ச்சிரு" என்றாள். பின்னால் இருபது பேர் நின்றிருந்தார்கள். நம் அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் கேட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை, ஏனென்றால் அதற்கு எனக்குத் தகுதியில்லை.

இதைச் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டே இருந்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். முதல் தடவை நான் வாங்கிய முப்பத்து மூன்று நிஜம். கஷ்டப்பட்டுப் படித்து, ராங்க் வாங்குவேன் என்று நினைத்துப் போய், ஃபெயில் ஆனேன். அதுவரை நான் ஒரு பாடத்திலும் ஃபெயில் ஆனதில்லை. இரண்டாவது தடவை காலேஜ் கேட் வரைக்கும் போனேன். மறுபடியும் ஃபெயில் ஆவேனோ என்று பயம். திரும்பிவிட்டேன். அப்போது எனக்கு முதல் பட்டதாரி பற்றி ஒன்றும் தெரியாது. பஸ்ஸில் அந்த அம்மாவைப் பார்த்தது அதற்கு அப்புறம், திரும்பி வருகிற வழியில். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பயந்து ஓடி வந்தவளுக்குத் தம்பிக்காகத் தியாகம் செய்தவள் என்று பேர் கிடைத்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லையே தவிர, எனக்கு நானே அந்தப் பேரைச் சொல்லி மூன்று வருஷம் சமாளித்தேன்.

உன் மேல் பாசம் இல்லை என்று அர்த்தமில்லை. அதுவும் உண்மைதான். ஆனால் நீ எனக்கு எதுவும் ஈடுகட்ட வேண்டியதில்லை. சாப்பிடு.

ஃபீஸ் கட்டிவிட்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

உன் அக்கா,
துர்கா


கோவளம்,
25-9-2025

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் மிக நலம். மிக என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் ஐந்து நிமிஷம் கோபம் வந்தது. மூன்று மாதமாக நான் ஏதோ பாவம் பண்ணியவன் மாதிரி திரிந்தேனே. அப்புறம் சிரிப்பு வந்தது. அதற்கு அப்புறம் பசித்தது. மூன்று தட்டு சாப்பிட்டேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது அக்கா. நீ தியாகியாக இருப்பதைவிடப் பயந்தாங்கொள்ளியாக இருப்பது எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "பயமா கீதுன்னு சொல்றதுக்கு இன்னா? அப்பவே சொல்லியிருந்தா நானும் வந்து வாசல்ல குந்தியிருப்பேன்ல" என்றாள். நவம்பரில் வரப்போகிறாளாம். தடுக்க முடியாது, நான் முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

ஐடிஐ நன்றாகப் போகிறது. முதல் நாள் வாத்தியார் என்ஜினைக் காட்டி இது என்ன பாகம் என்று கேட்டார். நான் சொன்ன பதிலில் அவருக்கே இரண்டு பெயர்கள் புதிதாக இருந்தன. ஐடிஐ சீட்டும் சீட்தானே என்று வாதாடி அம்மாவிடம் போனும் வாங்கிவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதமாகவே எழுதலாம் என்று தோன்றியது.

போய் எழுது. ஃபெயில் ஆனால் ஆகட்டும்.

சக்தி


செம்பாக்கம்,
8-1-2026

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், நிஜமாகவே நலம். அம்மா, அப்பா, நீ எல்லாரும் சுகமென்று நேற்று போனில் தெரிந்துகொண்டேன். போனில் சொல்லாததை இதில் எழுதுகிறேன்.

பரீட்சை அன்று அம்மா வாசலில் குந்தியிருந்தது உனக்குத் தெரியும். வாட்ச்மேன் எழுப்பிவிடப் பார்த்தாராம். "உள்ள எம் பொண்ணு எய்துது, அது வர்ற வரிக்கும் நான் எயிந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம். உள்ளே எனக்கு முதல் அரை மணி நேரம் ஒன்றும் ஓடவில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னப் பிள்ளைகள் சுற்றிலும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போனால் வாசலில் அம்மா. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து எழுதினேன். கடைசி மணி அடிக்கிற வரை எழுதினேன்.

பாஸ் என்று மட்டும்தான் நேற்று சொன்னேன். மார்க் கேட்டாய், பேச்சை மாற்றினேன். நாற்பத்தொன்று. பாஸ் மார்க் நாற்பது. சிரி, நன்றாகச் சிரி. சாம்பசிவன் சார் மார்க்கைக் கேட்கவே இல்லை, "சர்டிபிகேட் எப்ப வரும்மா?" என்றுதான் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து எனக்கும் மாடியில் வேலை. ஸ்ரீவத்சனுக்குத்தான் ரொம்ப சந்தோஷம், இனி இன்டர்காம் தேவையில்லையாம்.

பொங்கலுக்கு நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். போகி அன்றே வந்துவிடுவேன்.

நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் எழுதிப் பாஸ் பண்ணிவிடுவேன், உனக்காகத்தான் எழுதாமல் இருக்கிறேன் என்று மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். நினைத்து எழுதினால் நாற்பத்தொன்றுதான் வருகிறது. இரண்டு மார்க் குறைந்திருந்தால், இந்தத் தடவை சொல்லித் தப்பிக்க உன் பேர்கூட இருந்திருக்காது. அது தெரிந்தேதான் உள்ளே போனேன், சக்தி. உன் அக்காவுக்குப் பட்டம் கிடைத்ததைவிட எனக்குப் பெருமை அதில்தான்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

துர்கா, பி.காம்.